கழுத்து விறைக்காத மூளைக்காய்ச்சல்: 11 மாதக் குழந்தை ஒன்றின் 37 மணி நேரம்

மூளைக்காய்ச்சல் என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது குழந்தையின் கழுத்துக்குத்தான். விறைப்பு இருந்தால் சந்தேகம், இல்லாவிட்டால் நிம்மதி. ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் இந்தக் கணக்கு செல்லாது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வு முழுக்கச் சீழ் பிடித்திருந்தாலும் அந்த வயதில் கழுத்து தளர்வாகவே இருக்கலாம். ஆனால் நோய் முற்றுவதற்குப் பல மணி நேரம் முன்பே குழந்தையிடம் வேறு மாற்றங்கள் தெரிகின்றன. அவற்றை முதலில் காண்பவர் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவோ, அம்மாவைப் பெற்ற அமுச்சியோதான். அவர்கள் கண்டதைச் சரியாகக் கேட்டு வாங்குகிறோமா, கேட்டதற்கு உடனே செயல்படுகிறோமா என்பதில்தான் குழந்தை உயிர் பிழைப்பதும் ஊனமாவதும் தீர்மானமாகின்றன.

கீழே வருவது ஒரே குழந்தையின் மருத்துவக் கோப்பு அல்ல. கொங்குப் பகுதியில் இந்த நோய் எப்படி வருமோ, எங்கெங்கே தாமதமாகுமோ, அதையெல்லாம் ஒரு குழந்தையின் மேல் வைத்துப் படிப்பினைக்காக அமைத்த நிகழ்வு. மருந்தளவுகளும் பரிசோதனை எல்லைகளும் குழந்தை மருத்துவத்தில் நடைமுறையில் இருப்பவை.

குழந்தையும் வீடும்

ஆண் குழந்தை, 11 மாதம், எடை 8.5 கிலோ. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வார நாட்களில் குழந்தை அமுச்சி கையில். நிறைமாதப் பிரசவம், வளர்ச்சியில் குறை ஒன்றும் இல்லை. தவழ்வான், கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்பான்.

தடுப்பூசி அட்டையில் காசநோய்க்கான பிசிஜி இருக்கிறது. 6 வாரத்திலும் 10 வாரத்திலும் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போட்டிருக்கிறது. 6 வாரத்தில் நியூமோகாக்கல் தடுப்பூசியின் முதல் தவணையும் உண்டு. அதன் பிறகு கட்டங்கள் காலி. 14ஆவது வாரம் வந்தபோது அம்மா பிறந்த வீட்டை விட்டுத் திருப்பூரில் லைன் வீட்டுக்கு வந்திருந்தார்; வேலைக்குப் போகத் தொடங்கியதும் குழந்தை மறுபடி ஊருக்கு வந்தான். ஒரு ஊர் செவிலியர் அவன் அங்கே இருப்பதாக நினைத்தார், இன்னொரு ஊர் செவிலியருக்கு அவன் வந்ததே தெரியாது. 14 வாரத் தவணையும் 9 மாதத் தவணையும் இப்படித்தான் விடுபட்டன.

குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமான இரண்டு, ஹீமோஃபிலஸ் பி வகையும் நியூமோகாக்கஸும். முதலாவதற்கான தடுப்பு பென்டாவேலன்டுக்குள்ளேயே இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது தொடங்கியது. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நம் அரசு மையங்களில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை. 9 மாதத் தவணைதான் பாதுகாப்பை நிலைக்கச் செய்வது. இந்தக் குழந்தைக்கு முதல் தவணை மட்டுமே கிடைத்திருந்தது.

சனி மாலை முதல் திங்கள் விடியல் வரை

நான்கு நாளாக மூக்கொழுகல். வெள்ளி இரவு இடது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு 102 டிகிரி காய்ச்சல். மருந்துக்கடையில் சொல்லி இரண்டு பாட்டில் வாங்கி வந்தார்கள். ஒன்று பாராசிட்டமால், 5 மில்லியில் 120 மி.கி. உள்ளது. 5 மில்லி கொடுத்தார்கள்; கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் அது சரியான அளவு. மற்றொன்று செஃபிக்சிம், 5 மில்லியில் 50 மி.கி. உள்ளது. காலை 2.5 மில்லி, இரவு 2.5 மில்லி என்று கடையில் சொன்னார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக் அது.

ஞாயிறு காலை காய்ச்சல் 99.5 டிகிரிக்கு இறங்கியது. வீட்டில் நிம்மதி. ஆனால் குழந்தை தவழவில்லை. கட்டில் பக்கம் போகவில்லை. ராகிக் கஞ்சியை வாயில் வைத்ததும் துப்பினான், தாய்ப்பாலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாதாரண வைரஸ் காய்ச்சலில் பாராசிட்டமால் வேலை செய்யும் இரண்டு மூன்று மணி நேரம் குழந்தை எழுந்து விளையாடும், சிரிக்கும், எதையாவது தின்னும். சூடு இறங்கியும் குழந்தை தன் பழைய குணத்துக்கு வரவில்லை என்றால் அந்தக் காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு காலை 10 மணி வாக்கிலேயே மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய குழந்தை இவன்.

மதியம் 3 மணிக்குள் இரண்டு முறை வாந்தி. வயிற்றுப்போக்கு இல்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்: வயிற்றுக் கோளாறு என்றால் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் கழிச்சலும் சேர்ந்து வரும்; காய்ச்சலோடு வாந்தி மட்டும் நின்று நிலைத்தால் தலைக்குள்ளும் சிறுநீர்ப் பாதையிலும் காரணம் தேட வேண்டும். உடம்பு கொதிக்கையில் கையும் காலும் சில்லென்று இருந்தன. துணி மாற்றக் காலைத் தூக்கியபோது குழந்தை வீறிட்டான். அமுச்சி பின்னால் மருத்துவமனையில் சொன்ன வாசகம் இது: "தூக்குனா வீல்னு கத்தறானுங்க, கீழ போட்டாத் தேவலையாக் கெடக்கறான். பொறந்ததுல இருந்து என்ற தோள விட்டு எறங்காதவன், இப்பத் தோளுக்கே வரமாட்டீங்கறான்."

இந்த நிகழ்வில் இதைவிட மதிப்புள்ள வாக்குமூலம் கிடையாது. நோவுள்ள குழந்தை பொதுவாகத் தூக்கினால் அடங்கும். மூளைச்சவ்வு வீங்கிய குழந்தையைத் தூக்கும்போது முதுகும் கழுத்தும் வளைகின்றன, அழற்சி கண்ட சவ்வும் நரம்பு வேர்களும் இழுபடுகின்றன, வலி கூடுகிறது. துணி மாற்றக் கால்களைத் தூக்கும்போதும் அதே இழுவைதான். அசையாமல் கிடத்தினால் வலி குறைகிறது. பெரிய குழந்தையின் கழுத்து விறைப்பும் இந்தக் குழந்தையின் வீறிடலும் ஒரே காரணத்தால் வருபவை.

மாலை 6 மணிக்குக் குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது, அதாவது கழுத்து சுளுக்கியிருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் உரம் எடுக்கும் பெரியம்மாவிடம் கொண்டுபோனார்கள். சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டினார்கள். அமுச்சி கண்டது சரி, கழுத்திலும் முதுகிலும் ஏதோ நோவு இருக்கிறது. போன இடம்தான் தவறு. தலைக்குள் அழுத்தம் ஏறிய குழந்தையை உருட்டுவதும் குலுக்குவதும் ஆபத்து. உரம், தொக்கம், மாந்தம், உச்சி விழுதல் என்று என்ன நினைத்தாலும் சரி, காய்ச்சல் இருக்கும் குழந்தையை முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். கிராமச் செவிலியர்கள் இதைச் சொல்லும்போது பாட்டிமாரைக் குற்றம் சொல்லாமல் சொல்வது நல்லது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை தான் கண்டதைச் சொல்ல மாட்டார்.

உருட்டிய பிறகு குழந்தை அழுகையை நிறுத்தினான். "நோவு எடுபட்டு அசந்து தூங்கிட்டான்" என்று எல்லோரும் நினைத்தார்கள். இரவு 9 மணிக்குப் பால் கொடுக்க எழுப்பியபோது கண்ணைத் திறந்து மூடினான், மார்பைப் பிடிக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு சிறுநீர் கழித்திருக்கவும் இல்லை. தூக்கம் என்றால் எழுப்பினால் முழிப்பான். முழித்தால் அம்மா முகத்தைப் பார்ப்பான். இரண்டும் இல்லாததை மயக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சளைக்காமல் அழுத குழந்தை காரணமில்லாமல் அடங்கிப்போவது தேறிவரும் குறி அல்ல.

திங்கள் அதிகாலை 4.10 மணிக்கு வலிப்பு. வாய் வலது பக்கம் கோணி, வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. சுமார் 10 நிமிடம். அப்பா காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியில் மறுபடி தொடங்கியது. 4.45 மணிக்கு அங்கே மூக்கு வழியாக மிடசோலம் கொடுத்தார்கள், கிலோவுக்கு 0.2 மி.கி. கணக்கில் 1.7 மி.கி. வலிப்பு நின்றது. 5.05 மணிக்கு 108 வண்டி புறப்பட்டது. 5.50 மணிக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதல் ஊசி ஆன்டிபயாடிக் உள்ளே போனது காலை 6.15 மணிக்கு.

வார்டில் கண்டது

வெப்பம் 103 டிகிரி. நாடி நிமிடத்துக்கு 172, மூச்சு 54. நெஞ்சில் அழுத்தி விட்ட இடத்தில் நிறம் திரும்ப 4 விநாடி ஆனது. 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். ஆக்சிஜன் 93 சதவீதம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, கிள்ளினால் கையை இழுத்துக்கொண்டான். விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை 62. இடது செவிப்பறை சிவந்து புடைத்திருந்தது.

கழுத்து தளர்வாக இருந்தது. காலை மடக்கி நீட்டிப் பார்க்கும் கெர்னிக் சோதனையிலும், தலையைத் தூக்கிப் பார்க்கும் புருட்சின்ஸ்கி சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. இந்த இரண்டும் இருந்தால் நம்பலாம், இல்லாததை வைத்து நோய் இல்லை என்று ஒருபோதும் சொல்லக் கூடாது.

உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தது. இதைப் பார்க்கும் முறையில்தான் பலருக்குத் தவறு நேர்கிறது. படுத்திருக்கும் குழந்தைக்கும் அழும் குழந்தைக்கும் உச்சி தானாகவே மேலெழும். குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, அழுகை ஓய்ந்த நொடியில், விரலின் தட்டைப் பகுதியை மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அது எலும்பு மட்டத்திலோ சற்றே தாழ்ந்தோ, மிருதுவாக, நாடித் துடிப்போடு இருக்கும். எலும்பை விட மேலெழுந்து, இறுகி இருந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. இன்னொரு சிக்கல்: வாந்தியால் நீர் வற்றிய குழந்தையிடம் புடைப்பு மறைந்து, உச்சி மட்டமாகவே தெரியலாம். பொதுவாக 9 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் உச்சி மூடிவிடும். மூடிய குழந்தையிடம் இந்தக் குறியே கிடையாது.

தோலில் புள்ளிகள் இல்லை. இருந்திருந்தால் கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை அதன் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மறையாத செம்புள்ளியும் ஊதாத் திட்டும் மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் வயிற்றிலும் தொடையிலும் அவை எளிதில் தெரிவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புள்ளி வராத மூளைக்காய்ச்சலே அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

ஆக்சிஜன் வைத்தார்கள். நரம்பில் ஊசி ஏற்றி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோன் கிலோவுக்கு 0.15 மி.கி. வீதம் 1.3 மி.கி., அதைத் தொடர்ந்து செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கிலோவுக்கு 100 மி.கி. வீதம் 850 மி.கி., பிறகு வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 130 மி.கி. ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள். டெக்ஸாமெதசோன் முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ கூடவோ போக வேண்டும், நேரம் தப்பினால் பயன் குறைகிறது. செவித்திறனைக் காக்க அது கொடுக்கப்படுகிறது. ஹீமோஃபிலஸ் வகையில் பலன் தெளிவு, நியூமோகாக்கஸில் அவ்வளவு உறுதி இல்லை. வலிப்பு திரும்பாமல் இருக்க லெவெடிராசெட்டம் கிலோவுக்கு 40 மி.கி. இரத்த ஓட்டம் குறைந்திருந்ததால் நார்மல் சலைன் கிலோவுக்கு 10 மில்லி. ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் ஏறிக்கொண்டிருந்தால் அதே குழாயில் செஃப்ட்ரையாக்சோன் விடக் கூடாது, அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும்.

மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்திருக்கும் மூளைநீர் அப்போதே முதுகிலிருந்து எடுக்கப்படவில்லை. ஒரு பக்க வலிப்பு, நினைவுத் தளர்ச்சி, தள்ளாடும் இரத்த ஓட்டம் மூன்றும் இருக்கும் குழந்தையிடம் ஊசி குத்துவது ஆபத்து. மருந்து முதலில், நீர் பிறகு. சிடி ஸ்கேனில் தடை ஏதும் தெரியவில்லை. உடல்நிலை சற்று நிலைப்பட்டதும் காலை 10 மணிக்கு இடுப்பில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளின் இடையே எடுத்தார்கள். பிடிக்கும் செவிலியர் குழந்தையின் முதுகை வளைக்கலாம், கழுத்தை மடக்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் கழுத்தை மடக்கினால் மூச்சுக்குழாய் அடைபடும்.

நீர் கலங்கலாக வந்தது. ஒரு கன மில்லிமீட்டரில் 1,840 வெள்ளணுக்கள், அதில் 88 சதவீதம் நியூட்ரோஃபில் என்ற வகை. புரதம் 186 மி.கி. சர்க்கரை 18 மி.கி., அதே நேரத்து இரத்தச் சர்க்கரை 96. இந்த வயதில் வெள்ளணு 5க்குள்ளும், புரதம் 40 ஒட்டியும், சர்க்கரை இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கும் இருக்க வேண்டும். பாக்டீரியா என்பதில் சந்தேகம் இல்லை. சாயமேற்றிய கண்ணாடியில் ஓரிரண்டு இரட்டைக் கோளக் கிருமிகள். வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் நியூமோகாக்கஸ் என்று உறுதிசெய்தது.

வளராததற்கு முக்கியக் காரணம் சனிக்கிழமை வாங்கிய செஃபிக்சிம் பாட்டிலாக இருக்கலாம்; காலையில் ஏறிய ஊசியும் மூளைநீரில் சேர்ந்திருக்கலாம். செஃபிக்சிம் மூளைநீருக்குள் போதிய அளவு போய்ச் சேராது. நாளுக்கு மொத்தம் 50 மி.கி. வாய்வழி, இந்த நோய்க்கு வேண்டியது வேறு மருந்து, 850 மி.கி., நேராக நரம்பில். அந்த அரைகுறை அளவு கிருமியைக் கொல்லவில்லை, இரத்தத்தில் சற்று அடக்கிக் காய்ச்சலைத் தணித்தது, ஆய்வகத்தில் வளரும் வலுவை மட்டும் கெடுத்தது. வளர்ப்பு கிடைத்திருந்தால் எந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்று தெரிந்து வான்கோமைசினை மூன்றாம் நாளிலேயே நிறுத்தியிருக்கலாம். அணு எண்ணிக்கையும் சர்க்கரையும் புரதமும் முன்பே கொடுத்த மருந்தால் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை, அதனால்தான் நோய் பிடிபட்டது. ஆய்வகத்துக்கு ஒரு குறிப்பு: இந்த நீரை ஒரு மணி நேரத்துக்குள் எண்ண வேண்டும். வைத்திருந்தால் நியூட்ரோஃபில்கள் சிதைந்து, இரண்டு மணி நேரத்தில் பாதியளவுக்குக் குறைந்துவிடும். வளர்ப்புக்குப் போகும் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது.

எங்கே நேரம் போனது

சனி மாலை 5 மணியிலிருந்து திங்கள் காலை 6.15 வரை 37 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் வீட்டின் பங்கு பெரியது. ஆனால் மருத்துவத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். முதலில் போன மருத்துவமனையில் 4.45 மணிக்கே காய்ச்சல், ஒரு பக்க வலிப்பு, நினைவு தப்பிய நிலை, பால் குடிக்காமை எல்லாம் கண்முன்னே இருந்தன. வலிப்பை நிறுத்திய கை செஃப்ட்ரையாக்சோனைப் போடவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியில் நீர் எடுத்துப் பார்க்கட்டும், இங்கே போட்டால் ரிசல்ட் கெட்டுவிடும்" என்ற நினைப்புதான் இந்த மாதிரி இடங்களில் கையைத் தடுக்கிறது. அது தவறான தராசு. ரிசல்ட் கெட்டால் பிசிஆர் இருக்கிறது, அணு எண்ணிக்கை இருக்கிறது. போன மணி நேரத்தைத் திருப்ப வழியில்லை. காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கழுத்து விறைப்போ உச்சிப் புடைப்போ இருந்தால், அனுப்பும் முன் முதல் தவணையைத் தசையிலாவது போட்டு, நேரத்தையும் அளவையும் சீட்டில் எழுதி அனுப்புவதே முறை. முடிந்தால் போடும் முன் இரத்தத்தை ஒரு வளர்ப்புக் குப்பியில் எடுத்துக் கையோடு கொடுத்தனுப்பலாம். இந்தக் குழந்தைக்கு அது ஒன்றரை மணி நேரத்தைச் சேமித்திருக்கும்.

இதைக் 'காய்ச்சல் வலிப்பு' என்று நினைக்க இடமிருந்ததா? 6 மாதம் முதல் 5 வயது வரை வரும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பில் உடம்பு முழுக்க இழுக்கும், 15 நிமிடத்துக்குள் நிற்கும், 24 மணி நேரத்தில் ஒரு முறைதான் வரும், ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பழையபடி ஆகிவிடும். இங்கே ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, வழியிலேயே மறுபடி வந்தது, குழந்தை தெளியவில்லை. இதில் ஒன்று இருந்தாலே மூளைநீர்ப் பரிசோதனையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருந்து, ஹீமோஃபிலஸ், நியூமோகாக்கல் தடுப்பூசி முழுமையாகாத குழந்தையிடமும், முன்பே ஆன்டிபயாடிக் குடித்த குழந்தையிடமும், மற்றபடி நன்றாகத் தோன்றினாலும் யோசிக்க வேண்டும். இவன் இரண்டிலும் சேர்ந்தவன்.

புறநோயாளிப் பிரிவில் நேரமே இல்லை என்றாலும் ஒரு கேள்வியை விடக் கூடாது: "ஏனுங்கம்மா, தூக்கி மடியில வெச்சா அழுகை அடங்குதுங்களா, இன்னும் கூடுதுங்களா?" அரை நிமிடம் ஆகாது.

வேறு வயது, வேறு முகம்

பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தையிடம் காய்ச்சலே இல்லாமல் போகலாம். உடம்பு சில்லிடுவது, பால் குடிக்காமல் போவது, மூச்சு விட்டு விட்டு வருவது, அசைவு குறைவது இவ்வளவுதான் இருக்கும். அந்த வயதில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் சிரப் கொடுத்துப் பார்க்கும் வேலை கூடாது.

மூன்று வயதுக்கு மேல் குழந்தை தானே சொல்லும்: தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுது, காலெல்லாம் வலிக்குது. வாயை மூடிக்கொண்டு மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். உட்கார வைத்து முழங்காலுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். முடியாமல் முதுகை விறைத்துக்கொண்டு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உட்கார்ந்தால் உடனே புறப்பட வேண்டும்.

காசநோய் மூளைக்காய்ச்சலின் நடை வேறு. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சிறு காய்ச்சல். விளையாட்டில் ஆர்வம் போகும், எரிச்சல் கூடும், எடை இறங்கும். காலையில் எழுந்ததும் வாந்தி. பிறகு ஒரு நாள் கண் மாறுகண்ணாகத் தெரியும், அப்போது நோய் முற்றிவிட்டிருக்கும். ஐந்து நாளுக்கு மேல் நீளும் காய்ச்சலோடு குழந்தையின் குணம் மாறினால், வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பெரியவர்கள் சொல்ல வெட்கப்படுவார்கள், மறுபடி கேளுங்கள்.

மழைக்குப் பிறகும் குளிர் மாதங்களிலும் தோட்டம், புதர், மேய்ச்சல் காடு என்று திரியும் குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைஃபஸ் மூளைக்காய்ச்சல் போலவே வரும். கண்ணில் படாத சிறு உண்ணி வகைப் பூச்சியின் கடியால் வருவது அது. கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், பிறப்புறுப்பு வரை துணியை முழுக்கக் களைந்து தேட வேண்டும். செஃப்ட்ரையாக்சோனுக்கு இந்த நோய் மடங்காது, டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். சத்தியமங்கலம், ஆனைகட்டி மலையடிவாரக் கிராமங்களில் பணிபுரிவோர் இதோடு, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயையும் மனதில் வைக்க வேண்டும். அந்நோயுள்ள பழங்குடிக் குழந்தைகளின் மண்ணீரல் சரிவர வேலை செய்யாததால் நியூமோகாக்கஸ் அவர்களை மிக வேகமாக வீழ்த்தும்.

இரவில் வீட்டில் என்ன செய்வது

108க்குப் போன் செய்துவிட்டு வண்டி வரும் வரை குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள்; எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கைபேசியில் பத்து விநாடி பதிந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கையில் சாவி கொடுப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, தண்ணீரோ மருந்தோ ஊற்றுவது எதுவும் வேண்டாம், நினைவில்லாத குழந்தைக்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். கொடுத்த மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும், மருந்துக்கடையில் வாங்கியது உட்பட, தடுப்பூசி அட்டையோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் பால் குடித்ததும் சிறுநீர் கழித்ததும் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் வலிப்போடு இருக்கும் குழந்தையை நேராக அங்கே ஓட்டாமல், வழியில் உள்ள முதல் அரசு மருத்துவமனையில் வலிப்பை நிறுத்திக்கொண்டு போவது பாதுகாப்பு.

பிறகு நடந்தது

இரண்டாம் நாள் இரத்தத்தில் சோடியம் 128க்கு இறங்கியது. மூளையில் நோய் இருக்கும்போது உடல் நீரைத் தேக்கி வைப்பதால் வருவது. நீரளவைச் சற்றுக் குறைத்து, உப்புச் சத்துள்ள திரவத்தை மட்டும் ஏற்றிச் சரி செய்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்து அம்மாவைப் பார்த்தான். ஆறாம் நாள் காய்ச்சல் திரும்பியது. தினமும் தலைச்சுற்றளவை நாடா வைத்து அளந்து வந்தார்கள், கூடவில்லை. உச்சி வழியாக எடுத்த அல்ட்ராசவுண்டில் சவ்வுக்குக் கீழே மெல்லிய நீர்த்தேக்கம் தெரிந்தது. கைக்குழந்தைகளிடம் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் தானே வடியும், வடிந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கும் 14 நாள், வான்கோமைசினுக்காகச் சிறுநீரகச் சோதனையும் இடையிடையே.

வீட்டுக்கு அனுப்பும் முன் தூங்க வைத்து, காது கேட்பதை மூளையின் மின் அலைகளைக் கொண்டு அளக்கும் பெரா சோதனை செய்தார்கள். வலது காது சரி. இடது காதில் 60 டெசிபல் அளவுக்குக் கேட்புக் குறை. நியூமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் காதுதான் அதிகம் அடிபடும் உறுப்பு. கைதட்டினால் திரும்புகிறான், கேட்கிறது என்று வீட்டில் சொல்வதை நம்பி இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு காது நன்றாக இருந்தாலே குழந்தை திரும்பும். நான்கு வாரத்துக்குள் செய்தாக வேண்டும். இரண்டு காதும் போயிருந்தால் அவசரம் இன்னும் அதிகம்: உட்காதின் சுருள் எலும்பாக இறுகத் தொடங்கிவிட்டால் கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை உட்காதில் பொருத்துவதே கடினமாகிவிடும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது, ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

விடுபட்ட தவணைகளைக் கிராமச் செவிலியர் ஒரு புதன்கிழமை முகாமில் தொடங்கினார். மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டது, இனி ஊசி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியூமோகாக்கஸில் பல வகைகள் உண்டு, ஒன்று வந்தது மற்றதைத் தடுக்காது. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிவு எந்த ஊரில் இருந்தாலும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். திருப்பூர் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது பிடித்துக்கொண்டு நின்றான், வலது காலில் சற்றே பலக்குறைவு, பயிற்சி தொடர்கிறது. வலிப்பு திரும்பவில்லை, லெவெடிராசெட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். இடது காதுக்கு மறுசோதனை ஆறாம் மாதத்தில். அதன் பிறகு பேச்சு வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டு இரண்டு வயது வரை ஒவ்வொரு ஆறு மாதமும் வரச் சொல்லி அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.